மரிக்காரின் கையெழுத்தும் ஒரு விலாசமும்

நம்ம றக்வான ஆட்களுக்காக ஒரு பழைய கதை.

‘மரிக்கார்’ ராம்தாஸ் என்றால் இன்றைய பிள்ளைகள் யாரென்று கேட்பார்கள். ஐம்பது தாண்டியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உடனே சிரிப்பு வரும். 1970களில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ போகும்போது கடைத்தெருவிலும் லயத்திலும் ஒரே சிரிப்புத்தான்.

அதை எழுதியவர் எஸ். ராம்தாஸ். அவரே மரிக்காராகி நம்மட முஸ்லிம் பேச்சைப் பேசினார். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் அதில் ஐயர். செல்வசேகரன் சிங்கள வாடையடிக்கும் தமிழ் பேசும் உபாலி. ராஜகோபால் அப்புக்குட்டி. ஒரு இந்து மரிக்காராகவும் ஒரு முஸ்லிம் ஐயராகவும் பேசினார்கள். யாருக்கும் மனம் நோகவில்லை, எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்து நன்றாக ஓடியது.

வானொலியில் குரல் மட்டும்தானே. இந்த மரிக்கார் எப்படி இருப்பார் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. கொழும்புக்குப் போய்ப் பார்க்க எத்தனை பேருக்கு வசதி? மிச்சம் இருந்த வழி தபால். பிடித்த கலைஞருக்கு ஒரு கடிதம் எழுதி, படமும் கையெழுத்தும் கேட்க வேண்டும். கூடவே முத்திரை ஒட்டி, தன் விலாசத்தைத் தானே எழுதிய வெற்று உறை ஒன்றையும் மடித்து வைக்க வேண்டும். வானொலிக்கு எழுதுவதென்றால் கொழும்பு 7, டொரிங்டன் சதுக்கம்.

இது உலகம் முழுக்க இருந்த பழக்கம். லாரல் ஹார்டி ஜோடியில் ஒல்லியானவரான ஸ்டான் லாரல், ஹார்டி 1957இல் இறந்த பிறகு நடிக்கவே இல்லை. ஆனால் 1965இல் தான் இறக்கும் வரை, ரசிகர்களின் கடிதங்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத பிள்ளைக்கும் அவர் கையொப்பம் தபாலில் போனது.

இப்போது அந்த வெற்று உறையை யோசித்துப் பாருங்கள். அதன் மேல் என்ன விலாசம் எழுதுவது? டவுனில் இருப்பவருக்குக் கஷ்டமில்லை. கடைப் பேர், பிரதான வீதி, றக்வான என்று எழுதினால் தபால்காரர் கையிலேயே கொண்டுவந்து தருவார். லயத்துப் பிள்ளைக்கு? லயன் காம்பிராவுக்கு வீதிப் பேரும் இல்லை, தனி விலாசமும் இல்லை. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கே யாராவது பிரித்து, பெரட்டிலோ ஆள் மூலமோ கொடுத்தால்தான் உண்டு. சிரிப்பு நடிகரின் படம் கேட்ட கடிதம் துரையின் கந்தோருக்கு வந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு.

அதனால் தோட்டத்து ஆட்கள் பலர் டவுனில் பழக்கமான கடையின் விலாசத்தைக் கொடுத்தார்கள். சாமான் வாங்க வரும் நாளில் கடிதமும் கைக்கு வரும். கடன் கொப்பி இருந்த மேசை லாச்சியிலேயே கடிதங்களும் கிடந்தன. நம் முஸ்லிம் கடைக்காரர்கள் பலர் சம்பளமில்லாத தபால்காரர்களாகவும் இருந்தார்கள். நம் ஊர் வரலாற்றில் இதையும் எழுதிவைக்க வேண்டும்.

ராம்தாஸ் 2016இல் சென்னையில் காலமானார். இப்போது கையெழுத்துக் கேட்டுக் கடிதம் எழுதுபவர் இல்லை, எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். ஆனால் விலாசப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. இன்றும் பல தோட்டங்களில் கடிதம் கந்தோருக்கே வருகிறது. அப்போது பிந்தியது ஒரு நடிகரின் படம். இப்போது பிந்துவது நேர்முகப் பரீட்சைக் கடிதம், வங்கிக் கடிதம். நாள் கடந்து கைக்கு வரும் கடிதத்தால் ஒரு பிள்ளையின் வேலையே போய்விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் சொந்த விலாசமும் வேண்டும் என்று கேட்பது அதற்காகத்தான்.

கடை வைத்திருக்கும் நானாமாருக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பிள்ளையின் பேரில் கடிதம் வந்தால் அன்றைக்கே ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். பழைய பெட்டியில் கையொப்பமிட்ட படமோ, வானொலியிலிருந்து வந்த உறையோ கிடந்தால் குப்பையில் போடாதீர்கள், எனக்குக் காட்டுங்கள். உறையின் மேல் யார் பேர், எந்தக் கடை என்று எழுதியிருக்கிறது என்பதையும் வாசித்துப் பாருங்கள். யார் யாரை நம்பி வாழ்ந்தார்கள் என்பது அந்த இரண்டு வரியில் இருக்கும்.