தலையில் தொப்பி, கண் முன்னே கட்டங்கள்

இலங்கையின் பேராதனையில் 1962இல் மருத்துவ பீடம் தொடங்கியபோது, குழந்தையின் மூளை இயங்குவதைப் பார்க்கக் கைவசம் இருந்த முக்கிய வழி ஈஈஜி. 1924இல் ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியில் மனிதரிடம் முதன்முதலாகப் பதிந்த மூளை அலைகள்தான் அதில் தெரிபவை. சீ.டி. ஸ்கேன் வந்தது 1971இல். எம்.ஆர்.ஐ. பின்னர் வந்தது, ஆனால் அதற்குள் ஆடாமல் கிடக்க வேண்டும். எந்தப் பிள்ளை கிடக்கும்?

ஆனாலும் 2002இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மூன்று மாதச் சிசுக்களுக்குப் பேச்சை நேராகவும் பின்னோக்கியும் கேட்கவைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். இடது மூளை அப்போதே விழித்திருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டப்புறங்களுக்கு நெருக்கமான கதை உத்தரப் பிரதேசத்து சிவ்கட்டில் நடந்தது. அங்கே ஆய்வாளர்கள் பிள்ளையின் தலையில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் தொப்பியை மாட்டினார்கள். தாயின் மடியில் இருந்தே அளக்கலாம். திரையின் இருபுறமும் வண்ணக் கட்டங்கள் மினுங்கின. ஒரு புறத்தில் மட்டும் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கணக்கும், மூளையில் இரத்தத்தின் ஒட்சிசன் மாறும் கணக்கும் ஒரே நேரத்தில் பதிவாயின. 2019இல் வெளியான முடிவில், வறுமையும் தாயின் குறைந்த கல்வியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளின் மூளைச் செயற்பாடு பலவீனமாகத் தெரிந்தது.

எங்கள் பிள்ளைகளின் வளர்ச்சியிலும் குறை தெரிந்தது: இலங்கையின் 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் சுமார் 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுதும் 17 சதவீதம். அந்தத் தொப்பி ஹந்தானைத் தோட்டங்களுக்கும் ஏற வேண்டும்.