பாலத்துக்குப் பகை எது?

திருப்பூரில் நொய்யல் பாலத்தின் மீது நடந்து செல்லும்போது, பனியன் மூட்டைகள் ஏற்றிய லாரி ஒன்று கடந்தால் பாலம் சற்றே அதிர்வதை உணர்ந்திருப்பீர்கள். 'இவ்வளவு பாரத்தைத் தாங்குமா?' என்ற ஐயமும் எழுந்திருக்கும். ஆனால், ஆற்றுப் பாலத்தை வடிவமைக்கும் பொறியாளர் மேலே ஓடும் லாரியைவிடக் கீழே ஓடும் நீருக்கே அதிகம் அஞ்ச வேண்டியிருக்கிறது. நொய்யல் சென்று கலக்கும் காவிரியே இதற்குச் சான்று.

திருச்சிக்கு அருகே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அதன் மீது 1928-இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் நின்றது. 2016-இல் புதிய பாலம் வந்தபின் பழைய பாலத்தில் வாகனங்கள் செல்லவில்லை. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. பாரம் ஏதுமின்றி நின்ற அப்பாலத்தின் தூண்கள் சாய்ந்து ஆற்றில் விழுந்தன. அதே வெள்ளத்தில், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளும் அடித்துச் செல்லப்பட்டன.

பாரமே இல்லாத பாலம் ஏன் விழ வேண்டும்?

தூணில் மோதும் நீரின் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து மணலைத் தோண்டுகிறது. பிறகு குதிரை லாட வடிவில் தூணைச் சுற்றிச் சுழன்று, தோண்டிய மணலை வாரிச் செல்கிறது. நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய இயற்பியல் விதி. வெள்ளம் வடிந்ததும் குழி மீண்டும் மணலால் மூடிக்கொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது!

இந்த அரிப்பைக் கணக்கிட வழியுண்டா? இந்தியக் கால்வாய்களை ஆராய்ந்த ஜெரால்டு லேசி என்ற பொறியாளர், நீரின் அளவையும் மணலின் பருமனையும் கொண்டு ஓடையின் ஆழத்தைக் கணிக்கும் சூத்திரங்களை 1930-இல் வெளியிட்டார். கொள்ளிடப் பாலம் அதற்கு இரண்டாண்டு மூத்தது என்பதைக் கவனியுங்கள். இன்று நம் சாலைப் பாலங்களுக்கு அவ்வழியில் சராசரி அரிப்பாழம் கணிக்கப்படுகிறது. தூண் அருகே அதை இரு மடங்காகக் கொண்டு, அதற்கும் கீழே அடித்தளத்தை இறக்குகிறார்கள்.

ஆயினும், கட்டிய பிறகு படுகை மணலை நாம் அள்ளிக்கொண்டே போனால், தூணைப் பற்றியிருக்கும் மண் குறைகிறது, கணக்கும் பொய்த்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் 1987 ஏப்ரல் 5 அன்று ஸ்கோஹாரி ஓடைப் பாலம் அடி அரிப்பால் இடிந்து 10 பேர் மாண்டனர். கொள்ளிடத்தில் வாகனங்கள் இல்லாதது நம் நற்பேறு.

அடுத்த மழையின்போது, மணற்பாங்கான ஓடையில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் அதன் முன்புறம் ஒரு குழி விழும். பாலப் பொறியாளரின் முதற்பாடம் அதுவே.