ஒத்துக்காரரும் கணிப்பொறியும்

அவிநாசியப்பர் சந்நிதியில் நாகஸ்வரம் கேட்டவர்கள் வித்வானைப் பார்த்திருப்பார்கள், தவுல்காரரையும் பார்த்திருப்பார்கள். பின்னால் நின்று, கன்னம் உப்ப, இடைவிடாமல் ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்காரரை யார் கவனித்தார்கள்? இன்று அநேக இடங்களில் அவருக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி ஒலிக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பெட்டியைப் பழிக்க மனம் வரவில்லை. 1979-ல் பெங்களூரில் மின்சாரச் சுருதிப் பெட்டியை உருவாக்கிய ஜி. ராஜ்நாராயண் வெறும் எஞ்சினீயர் அல்ல, புல்லாங்குழல் வாசிக்கிறவர். சுருதியின் அருமை தெரிந்த கை செய்த பெட்டி அது.

கணிப்பொறிச் சங்கீதத்தின் கதையும் இப்படித்தான். 1957-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் கணிப்பொறியை இசைக்க வைத்த மாக்ஸ் மாத்யூஸ் பிடில் வாசித்தவர். முதலில் பிறந்த பாட்டு 17 வினாடிதான். அந்த யந்திரமோ கணக்கையெல்லாம் போட்டு முடித்த பிறகே ஒலி கொடுக்கும். மங்களம் பாடி முடித்த பிறகு தவுல் வந்து சேர்ந்தால் கச்சேரி உருப்படுமா? மேடையில் வாசிக்கும்போதே கூட வரும் வித்தைக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் ஆயிற்று. 1980-களில் பாரிஸின் இர்காம் நிலையத்தில் மில்லர் பக்கெட் அதற்கான புரோகிராம் ஒன்றை எழுதினார். மாத்யூஸுக்கு மரியாதையாக அதற்கு மாக்ஸ் என்றே பெயர். 1996-ல் பியூர் டேட்டா என்ற இன்னொன்றைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

இதில் சூட்சுமமெல்லாம் தாமதத்தில் இருக்கிறது. கணிப்பொறி ஒலியை வினாடிக்கு 44,100 துளிகளாக நறுக்குகிறது. 256 துளி சேர்ந்ததும் கணக்குப் போட்டால், சேருவதற்கு மட்டும் வினாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு ஆகிறது. அதற்குள் ஒலி காற்றில் இரண்டு மீட்டர் நடக்கும். தவுல்காரர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதை யாராவது தாமதம் என்பார்களா? 2,048 துளிக்குக் காத்திருந்தாலோ பதினாறு மீட்டர்! நாகஸ்வரம் தேருக்கு முன்னாலும் தவுல் பின்னாலும் போவது போல ஆகிவிடும்.

கல்மண்டபத்தின் எதிரொலியைக் கொண்டுவருவது சுலபம். வந்த துளிகளைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, அடக்கி, மறுபடி கலக்க வேண்டும். நாலு வரியில் எழுதிவிடலாம். சுருதிதான் பெரும்பாடு. வாசிக்க வாசிக்க மூச்சுச் சூட்டில் நாகஸ்வரத்தின் சுருதி ஏறும். ஒத்தும் அதே மாதிரி மூச்சில்தான் சூடேறுகிறது. ஊதுகிறவரின் காதும் கூடவே நகர்கிறது. பெட்டிக்கு மூச்சும் இல்லை, காதும் இல்லை. காதை வேண்டுமானால் எழுதிக் கொடுக்கலாம்: வருகிற ஸ்வரத்தின் அதிர்வை அளந்து, அதற்கேற்ப ஆதார சுருதியை நகர்த்துகிற கணக்கு. ஆனால் வித்வான் கமகத்தில் ஸ்வரத்தை அசைக்கிறாரே! அது சூட்டால் ஏறியதா, வேண்டுமென்றே ஏற்றியதா என்று கணக்கு எப்படிக் கண்டுகொள்ளும்? அதை வாசிக்கிறவன்தான் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் சிஷ்யப்பிள்ளைகளே குருவுக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதினார்கள். கூலி கிடைத்ததோ இல்லையோ, காது பழுத்தது. இன்று அவிநாசியிலோ சேவூரிலோ ஒரு பிள்ளை இந்தப் புரோகிராமை எழுத உட்கார்ந்தால், அவன் கையில் முதலில் ஓர் ஒத்தைக் கொடுத்து ஆறு மாதம் ஊதச் சொல்வேன்.