நோயாளி நடக்கும் வழி

தலைநகரில் வந்து குடியேறிய தமிழருக்கு இரண்டு அனுபவங்கள் தப்புவதில்லை. ஒன்று, மார்கழி மாதத்துக் குளிர். மற்றொன்று, பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காத்திருப்பது. முன்னதற்குக் கம்பளி உண்டு. பின்னதற்குப் பரிகாரம் உண்டா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊரிலிருந்து வந்திருந்த என் அன்னையாரை இந்நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். காலை ஏழு மணிக்கு முன்னரே போய்விட்டோம். சீட்டு வாங்க ஒரு வரிசை. அச்சீட்டில் அறையின் எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு வரிசை. மாடியில் டாக்டரைக் காண ஒரு வரிசை. அவர் எழுதிய இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட மீண்டும் கீழே ஒரு வரிசை. இரத்தம் கொடுக்க வேறொரு கட்டடத்தில் வரிசை. டாக்டர் அன்னையாரைப் பார்த்தது நான்கு நிமிடம். நாங்கள் காத்திருந்ததோ ஐந்து மணி நேரத்திற்கும் மேல். இந்தி அறியாத அன்னையார், ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, இதிலே வைத்தியம் பண்ணுகிற ஜன்னல் எது?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு அலுவலகத் தாள் ஒன்றின் பின்புறத்தில், நாங்கள் நடந்த வழியைக் கட்டங்களும் அம்புகளுமாக வரைந்து பார்த்தேன். பணம் கட்டும் ஜன்னலுக்கு இருமுறை போயிருந்தோம். அன்னையாரின் பெயரும் வயதும் மூன்று மேசைகளில் மூன்று முறை எழுதப்பட்டிருந்தன. சர்க்கார் அலுவலகத்தில் ஒரு கோப்பு எந்த மேசைக்கு என்று வந்தது, என்று போயிற்று என்பதற்குக் குறிப்பு உண்டு. கோப்புக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் நோயாளியின் நடைக்குக் கிடைக்கவில்லையே என்று எண்ணினேன்.

நான் கிறுக்கிய அப்படத்திற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அலுவலகங்களில் 'ஃப்ளோ சார்ட்' என வழங்கும் அதனை நாம் வழிப்படம் என்போம். அமெரிக்காவில் செங்கல் அடுக்கும் வேலையில் வாழ்வைத் தொடங்கியவர் ஃபிராங்க் கில்பிரத். ஒரு கல்லை வைக்கக் கொத்தனார் செய்யும் அசைவுகளை எண்ணி, வீணானவற்றை விலக்கிப் புகழ்பெற்றார் அவர். அவரும், உளவியல் கற்ற அவர் மனைவியார் லில்லியனும், 1921ஆம் ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில், ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை செல்லும் வழியைக் குறிகளால் வரையும் முறையை எடுத்துரைத்தனர். பிற்காலத்தில் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இத்தகைய படங்களைக் கைக்கொண்டனர்.

கில்பிரத்தின் கவனம் அதற்கு முன்பே வைத்தியசாலைக்குள்ளும் நுழைந்திருந்தது. அறுவை சிகிச்சைகளை அவர் திரைப்படமாகப் பிடித்துப் பார்த்தார். கையில் நோயாளியின் உயிரை வைத்துக்கொண்டு, வேண்டிய கருவியைத் தேடுவதிலேயே டாக்டரின் நேரம் பெரிதும் கழிவதைக் கண்டார். கருவிகளை முறைப்படி அடுக்கிவைத்து, கேட்டதை அந்தக் கணமே டாக்டரின் கையில் தாதி கொடுக்க வேண்டும் என்றார். இன்று எந்த அறுவை அறையிலும் காணும் வழக்கம் இது.

அச்சங்கம் 1947இல் வழிப்படத்திற்கு ஐந்து குறிகளை வகுத்தது. செயலுக்கு வட்டம், சோதனைக்குச் சதுரம், இடமாற்றத்திற்கு அம்பு, சேமிப்புக்கு முக்கோணம், தாமதத்திற்கு ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். இவற்றுள் கடைசிக் குறியே நம் சிந்தனைக்கு உரியது. செயல் கண்ணுக்குத் தெரியும். காத்திருத்தலோ, ஒன்றும் நிகழாமையாதலின், எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. அதற்கும் ஒரு குறி இட்டு, அதன் அருகே நிமிடத்தையும் எழுதிவிட்டால், மறைந்து கிடந்த குறை வெளிப்பட்டுவிடும். என் தாளில் இக்குறிகளை இட்டுப் பார்த்தபோது, ஒரே ஒரு வைத்திய வட்டத்தைச் சுற்றி ஐந்து தாமதக் குறிகள் நின்றன.

காத்திருத்தலுக்குக் காரணம் டாக்டர்களின் பற்றாக்குறை ஒன்றே என்பது பலரது எண்ணம். பற்றாக்குறை உண்மைதான்; ஆயினும் அது முழு விடை அன்று. இங்கிலாந்தின் வெளிநோயாளர் பிரிவுகளை நார்மன் பெய்லி என்ற புள்ளியியல் அறிஞர் ஆராய்ந்து 1952இல் கட்டுரை வெளியிட்டார். டாக்டர் ஒரு நிமிடமும் சும்மா இருத்தலாகாது என்பதற்காக நோயாளிகளை அளவுக்கு மீறி முன்கூட்டியே வரவழைப்பதே நெடிய காத்திருத்தலுக்கு ஒரு காரணம் எனக் காட்டினார். தொடக்கத்தில் இருவர் இருந்தால் போதும். அதன்பின் ஒரு நோயாளியைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்திற்கு ஒருவராக வரச் செய்யலாம் என்பது அவர் சொன்ன வழி. டாக்டரின் நேரத்தை எடை போட்ட அதே தராசில் நோயாளியின் நேரத்தையும் அவர் வைத்தார் எனலாம்.

நம் நாட்டில் இவ்வகைச் சிந்தனையின் பயனைக் காண மதுரைக்குச் செல்லவேண்டும். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். எந்த ஊரிலும் ஒரே முறையில், ஒரே தரத்தில் உணவு தரும் அமெரிக்கச் சிற்றுண்டிக் கடைகளைப் பார்த்து, கண் வைத்தியத்தை ஏன் அவ்வாறு ஒழுங்குபடுத்தலாகாது என்று கேட்டவர் அவர். அங்கே பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம் அளத்தல் என வழி படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் இப்படிகளுட் பலவற்றை நடத்துகின்றனர். டாக்டர் செய்யவேண்டியது மட்டுமே டாக்டரிடம் வருகிறது. அறுவை அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்க, மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாகிறார். இவ்வாறு மிச்சமான நேரமும் செலவும் கட்டணம் செலுத்த இயலாத ஏழைகளுக்குப் பார்வையாகத் திரும்பின.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாட்டு, நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்று மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. மதுரையில் சிறந்தது அந்த நான்காம் கூறு.

டில்லியிலும் மாற்றம் நிகழாமல் இல்லை. 1956இல் நிறுவப்பெற்ற எய்ம்ஸ் வாயிலில், விடியற்காலைச் சீட்டுக்காக இரவெல்லாம் நடைபாதையில் படுத்திருந்த வெளியூர் ஏழைகளைக் கண்டவர்கள் நம்மில் பலர். 2015 ஜூலை மாதம் தொடங்கிய இணையப் பதிவு முறையால், வீட்டிலிருந்தே நாளும் பிரிவும் குறித்துக்கொள்ள வழி ஏற்பட்டது. 1916இல் திறக்கப்பெற்ற லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த சுசேதா கிருபளானி ஆஸ்பத்திரியில், 2022 அக்டோபரில் மற்றொரு முறை வந்தது. சுவரிலுள்ள கட்டக்குறியைக் கைபேசியால் படம்பிடித்தால், ஆரோக்கியக் கணக்கில் உள்ள பெயரும் வயதும் பதிவு மேசைக்குப் போய்ச்சேரும்; வரிசை எண் கைபேசிக்கு வந்துவிடும்.

இவை வரவேற்கத் தக்கவையே. ஆயினும் வழிப்படத்தின் பாடத்தை மறத்தலாகாது. முதல் ஜன்னலில் மட்டும் விரைவு வந்து, டாக்டரின் அறைவாயில் அப்படியே இருந்தால், வரிசை குறையாது. கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு இடம் மாறும், அவ்வளவே. கைபேசி இல்லாதவருக்கும், பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவருக்கும், விரைவு வழி ஒன்று இருப்பதே தெரியாது. அன்றைக் கூலியை இழந்து வந்து நிற்பவர் பெரும்பாலும் அவர்களே. ஆதலின் வழிப்படத்தை அதிகாரியின் அறையில் அமர்ந்து வரைந்தால் போதாது. நோயாளி ஒருவரோடு, அதிலும் இவ்வூர் மொழி அறியாத ஒருவரோடு, வாயில் முதல் மருந்துக்கடை வரை நடந்து வரைய வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அண்டை வீட்டுத் தமிழ் மூதாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நாளில், ஒவ்வொரு ஜன்னலுக்கும் வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஆஸ்பத்திரியின் யோசனைப் பெட்டியில் வெறும் புகாரை இடுவதைக் காட்டிலும், அந்தத் தாளை இடுவது பயன் தரும். புகாருக்குச் சமாதானம் எழுதிவிடலாம். நிமிடக் கணக்குக்கு அவ்வாறு எழுதுவது எளிதன்று.