பாசறைக்கு இப்பால்

ஆடித் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடைபெறுகின்றது. குண்டனி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பழம்பெயர்களை இன்றும் விடாது தாங்கி நிற்கும் 14 ஊராட்சிகளின் மக்களும் அங்கே கூடுகின்றனர். குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலைக்கு மாலை சூட்டப்பெறுகின்றது, விற்போட்டி நிகழ்கின்றது. ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் பாடிய செய்தி (புறம். 152) ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றது. ஓரியின் வில்லை அறிவோம். அவன் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் என்று அறிவோம். திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பதையும் அகநானூற்றால் (209) அறிவோம். காரி வென்ற அன்று ஓரியின் மனையில் இருந்தவள் யார், பின்னர் அவள் எங்கே சென்றாள் என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள பாடல்களில் விடை இல்லை.

இஃது ஓரிக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. படைக்குச் சென்றவனைப் பற்றி நிறையப் பேசிய நம் இலக்கியம், அவன் விட்டுச் சென்ற மனைவியைப் பற்றிப் பேசும்பொழுது இரண்டு ஓவியங்களையே பெரிதும் வரைந்தது. ஒன்று, கார்காலம் வரும் வரை ஆற்றியிருக்கும் முல்லைத் தலைவி. மற்றொன்று, இழப்பின்மேல் இழப்பு வரினும் கலங்காத மறக்குடி மகள். இரண்டும் பொய்யல்ல, ஆனால் போதா. அவள் உண்ணவும் வேண்டியிருந்தது. பிள்ளைகளை வளர்க்கவும், உரிமை கேட்டுச் சென்று நிற்கவும் வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறக்குடி மகளை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார் (புறம். 279). முந்தைய போரில் தன் ஐயனை இழந்தவள். உடன்பிறந்தானை என்று பொருள் கொள்வாரும் உளர். அடுத்த போரில் கணவனையும் இழந்தாள். இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேல் கொடுத்துச் செல்க என விடுக்கிறாள். மூதின் முல்லை என்னும் துறைக்கு இதுவே தலையாய சான்றாகப் பாடநூல்களில் நின்றுவிட்டது. நம் மேடைப் பேச்சாளர்கள் இப்பாட்டைக் கையாண்ட அளவுக்கு வேறொரு புறப்பாட்டைக் கையாண்டிருப்பரோ என்பது ஐயமே.

ஓரியைப் பாடிய அதே வன்பரணர் வேறொரு பெண்ணையும் பாடியுள்ளார் (புறம். 255). அவள் கணவன் சுரத்திடையே வீழ்ந்து கிடக்கின்றான். வாய்விட்டு அலறலாம் என்றால் புலி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறாள். தூக்கிச் செல்லலாம் என்றால் அகன்ற மார்புடைய அவனைத் தூக்க இயலவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டு சற்றே நட, அந்த மலைநிழல் வரை போய்விடலாம் என்று பிணத்தோடு பேசுகிறாள். புகழ் பற்றியோ குடிப்பெருமை பற்றியோ இப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. உடலின் கனம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. முதுபாலை என்று துறை வகுத்து இதனைத் தொகுத்தவர்கள் போற்றுதற்குரியர். ஒக்கூர் மாசாத்தனாரின் பாட்டோ (புறம். 248) இன்னும் வெளிப்படை. இளமையில் தழையுடையாக உதவிய அல்லி, கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் உணவாகிவிட்டது என்கிறாள் ஒருத்தி. மறம் பாடிய காலத்திலேயே கைம்பெண்ணின் அடுப்பும் பாடப்பட்டது. நாம்தான் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம்.

முல்லையின் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கார் தொடங்குமுன் வருவேன் என்பது தலைவன் சொல். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் விரிச்சி கேட்கச் செல்கின்றனர். தாய்ப்பசு இதோ வந்துவிடும் என்று கன்றைத் தேற்றும் இடைமகள் மொழியை நன்னிமித்தமாகக் கொண்டு தலைவியை ஆற்றுகின்றனர். 103 அடிகளுக்குள் அரசன் திரும்பியும் விடுகிறான். அதே பாட்டில் பாசறையில் குறுவாள் செருகிய மங்கையர் விளக்கேற்றுகின்றனர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாசறை பெண்ணே இல்லாத இடமாக அன்றும் இல்லை.

திரும்புதல் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்லிமலையின் சுற்றுவட்டாரமே ஒரு கதை வைத்திருக்கிறது. இம்மலைகளில் வாழும் மலையாளி மக்களின் தோற்றம் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் ஒரு வழக்குப் பதிவாகியுள்ளது. காஞ்சியிலிருந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவரும் வேட்டைக்குச் சென்றனர். நாய்கள் மட்டும் வீடு திரும்பின. கணவர் இறந்தனர் என்று கருதிய மனைவியர் தீயில் மாய்ந்தனர். பின்னர் உயிரோடு திரும்பிய மூவரும் சாம்பலைக் கண்டு, வேறு பெண்களை மணந்து, ஆளுக்கொரு மலை ஏறினர். கதையின் வடிவங்கள் பல. அதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இஃது ஒரு குலத்தின் தொடக்கத்தையே தவறான செய்தி ஒன்றின்மேல் நிறுத்துகிறது. ஆடவர்க்கு மறுமணம் உண்டு, பெண்டிர்க்குத் தீ. கதை சொன்னவர்க்கு அதில் வியப்பேதும் இருந்ததாகத் தெரியவில்லை.

கல்வெட்டுகளுக்கு வருவோம். 1972இல் நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் முதலான தொகுப்புகளைப் பார்த்தோர்க்கு அந்த வாய்பாடு பழகிய ஒன்று: இன்ன மன்னனின் இத்தனையாம் ஆண்டு, இன்னாரின் சேவகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் கல். மனைவியின் பெயரை அதில் தேடுவது பெரும்பாலும் வீண். ஆனால் வீழ்ந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடப்பட்ட செய்தி வருகிறது. நெய்த்தோர்ப்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் அதற்குப் பெயர். நெய்த்தோர் என்பதும் குருதியே. பாட்டில் புகழுக்காக மகனை அனுப்பிய குடிக்குக் கல்வெட்டில் விளைநிலம் தேவைப்படுகிறது. அந்நிலத்தை உழுவித்து, பங்காளிகளிடமிருந்து காத்து, பிள்ளைகள் கைக்கு வரும்வரை வைத்திருந்தவர்களுள் கைம்பெண்டிரும் இருந்திருப்பர் என்று கொள்வது தவறாகாது.

கும்பினியார் காலத்துச் சென்னைப் படையில் படைவீரரின் மனைவி கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வருகிறாள். அப்படையின் சிப்பாய்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர். பட்டாளம் இடம் மாறினால் மனைவி மக்களும் மூட்டை கட்டினர். சிப்பாய் இறந்தால் அவன் மகனைச் சிறு ஊதியத்தில் படைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அதனால் அந்தக் குடும்பத்தின் உலை எரிந்தது. 1824இல் தொடங்கிய முதல் பர்மியப் போருக்குச் சென்னைச் சிப்பாய்கள் கப்பலேறியபொழுது மனைவியர் இங்கே தங்க நேர்ந்தது; ஊதியத்தின் ஒரு பகுதியைக் கொண்டு அவர்கள் காலம் தள்ளினர். அதே காலத்தில் ஆங்கிலேய வீரர்க்கோ நூற்றுவர்க்குச் சிலர் என்ற கணக்கில்தான் மனைவியரைக் கப்பலில் ஏற்ற இசைவு உண்டு. எவள் செல்வது, எவள் துறைமுகத்திலேயே நின்றுவிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர்.

1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சியைப் பற்றி நூல்கள் பல உள்ளன. புதிய தலைப்பாகை, காதணிக்கும் சமயக் குறிக்கும் தடை என்று காரணங்கள் அலசப்பட்டுள்ளன. அன்று சிப்பாய்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடியிருந்தன. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், அங்கிருந்த மூன்று சென்னைப் பட்டாளப் பிரிவுகளும் படைப்பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. பட்டாளம் நீக்கப்பட்டால் ஊதியமும் குடியிருப்பும் போயின. கிளர்ச்சியின் விலையைப் பேட்டையிலிருந்த பெண்டிரும் கொடுத்தனர் என்பது பாடநூலில் ஒரு வரியேனும் பெறத்தக்கது.

இதில் ஒரு முரண் உண்டு. குடும்பப் பற்றால்தான் சென்னைச் சிப்பாய் படையில் நிலைத்து நின்றான். அந்தக் குடும்பமே படைக்குச் சுமை என்று பின்னாளில் அதிகாரிகள் குறை கூறினர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்த இராபர்ட்சு, தென்னாட்டார்க்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்று கருதியவர். போர்க்குடிகள் என்னும் கொள்கை வலுப்பெற, தமிழரைப் படையில் சேர்ப்பது சுருங்கியது. 1895இல் மாகாணப் படைகள் ஒன்றாக இணைக்கப்பட்டன.

1914இல் பெரும்போர் மூண்டதும் போர்க்குணம் மங்கியவர்களின் ஊர்களுக்கு ஆள் திரட்டுவோர் மீண்டும் வந்தனர். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று பொறித்த கற்பலகைகள் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் காணப்படுகின்றன. நடுகல்லில் மாண்டவன் பெயராவது இருந்தது; இங்கே எண் மட்டுமே உண்டு. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை வீட்டுக்கொருவர் படைக்குச் சென்ற ஊர் என்பதால் இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்டது. இத்தகைய ஊர்களில் மணியார்டர் தாளில் கைந்நாட்டு வைத்தவள் வீட்டை நடத்தினாள். வயல் வேலைக்குக் கூலி கொடுத்தாள். மாமியார்க்கும் கொழுந்தனார்க்கும் கணக்குச் சொன்னாள். ஊர்ப்பேச்சில் அவள் மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி. கையில் காசுள்ளவள், கேட்பார் இல்லாதவள். இரண்டு பட்டங்களும் அவள்மீது ஒருசேர விழுந்தன. முல்லைத் தலைவியை ஆற்றுவதற்குப் பெருமுது பெண்டிர் இருந்தனர். இவளைச் சுற்றி இருந்தவர்களுள் காவலாக நின்றவர் எத்தனை பேர், கண்காணிக்க நின்றவர் எத்தனை பேர் என்பதைக் கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்த வாசகர்களே அறிவர்.

1971 திசம்பர்ப் போரில் காணாமற் போனோர் 54 பேர் என ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒருவர் விமானப்படை அதிகாரி விசய் வசந்த் தாம்பே. அவர் மனைவி தமயந்தி தாம்பே, பூப்பந்தாட்டத்தில் தேசிய வாகையர். மணமாகி ஈராண்டும் நிறையாத நிலையில் தொடங்கிய அவர் தேடல் பல பத்தாண்டுகள் நீண்டது. அமைச்சகங்களுக்கு மடல் எழுதினார். 2007இல் காணாமற் போனோரின் உறவினர்கள் பாக்கிசுத்தானச் சிறைகளுக்கே சென்று பார்த்து வந்தனர். கார்காலம் என்னும் தவணை இல்லாத இக்காத்திருப்புக்கு நம் இலக்கணத்தில் துறை வகுக்கப்படவில்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படை இலங்கையிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்தபொழுது, அன்றைய முதலமைச்சர் வரவேற்பில் கலந்துகொள்ளவில்லை. அவர் நிலைப்பாட்டின் நியாயம் வேறு. அப்படையில் தமிழ் வீரரும் இருந்தனர். அவர்தம் வீட்டு வாயிலில் நின்ற பெண்ணுக்கு ஈழத்தின் துயரமும் கணவனின் வரவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

1999 கார்கில் போரில்தான் மாண்டோர் உடல்கள் பேரளவில் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன் பெரும்பாலோர்க்குத் தந்தியும் ஒரு பெட்டியுமே வந்தன. உடலோடு ஒளிப்படக் கருவிகளும் வந்தன. காசுமீரத்தில் 2014 ஏப்பிரலில் மாண்ட மேசர் முகுந்த் வரதராசனுக்குரிய அசோகச் சக்கரத்தை 2015 குடியரசு நாளில் அவர் மனைவி பெற்றுக்கொண்டபொழுது, அவர் கலங்காது நின்றதையே நாடு வியந்தது. அந்த உறுதி போற்றத்தக்கதே. ஆனால் அழுதிருந்தால் அவர் மதிப்புக் குறைந்திருக்குமோ? மூதின் முல்லையைத் தொலைக்காட்சியிலும் தேடுகிறோம்.

பதக்கத்தோடு ஒரு படித்தொகை உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆணையும் 1995இல் அதற்கு வந்த திருத்தமும் அதனை ஆண்டன. வீரர் இறந்தால் தொகை மனைவிக்குச் சேரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். இறந்த கணவனின் உடன்பிறந்தானையே மணந்தால் மட்டும் தொடரும். உதிரப்பட்டி குடும்பத்தை விட்டு வெளியே போகாதிருக்க முன்னோர் என்ன ஏற்பாடு செய்தனரோ அறியோம். குடியரசு செய்த ஏற்பாடு இது. கணவனின் வீரத்துக்கு அளித்த கொடை, மனைவி யாரோடு வாழ்கிறாள் என்பதைப் பொறுத்ததாயிற்று. கைம்பெண்டிரும் முன்னாள் படைவீரர் அமைப்புகளும் முறையிட்டபின், 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. இன்று வீரரின் மனைவி யாரை மணந்தாலும் அந்தத் தொகை அவள் ஆயுள்வரை அவளுடையது.