பிராங் பெசார் தோட்டமும் புத்ராஜெயா நகரும்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் புத்ராஜெயா ஈரநிலப் பூங்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, எங்கள் பாட்டி இங்கேதான் மரம் சீவினாராம். எந்த இடம் ஐயா?" என்று கேட்டாள். கைநீட்டிக் காட்ட எனக்கு இடம் தெரியவில்லை. அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

புத்ராஜெயா உருவாகுமுன் அந்நிலத்தின் பெரும்பகுதி பிராங் பெசார் தோட்டம். மலாய் மொழியில் 'பெரும்போர்' என்பது அதன் பொருள். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921இல் காட்டை அழித்து அத்தோட்டத்தை நிறுவினர், அதனாலேயே அப்பெயர். இரப்பர் ஆய்விலும் அது புகழ்பெற்றது. பி.பி.86 போன்ற ஒட்டுவகைகளின் பெயரில் உள்ள 'பி.பி.' பிராங் பெசாரையே குறிக்கும். அந்த ஒட்டுமரங்கள் கேரளம், கன்னியாகுமரி வரை சென்று வேரூன்றின. தமிழகத்திலிருந்து ஆள்கள் இங்கு வந்தனர், இங்கிருந்து மரங்கள் அங்கு சென்றன என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பே மிஞ்சுகிறது.

தோட்டத்தை 'இயற்கை' என்று நாம் தவறாகக் கருதிவிடக் கூடாது. முதலில் அழிந்தது மழைக்காடு. காட்டில் இரப்பர் வந்தது, பின்னர் செம்பனையும் வந்தது, இறுதியில் நகரம் வந்தது. முதல் மாற்றத்தில் உழைத்த கைகளுள் நம்மவர் கைகளும் அடக்கம்.

கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, 1993இல் புதிய நிருவாகத் தலைநகருக்கு இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பெற்றது. பரப்பளவு 4,931 ஹெக்டர். 1995இல் பணி தொடங்கியது. 1999இல் பிரதமர் துறை அலுவலகம் இடம்பெயர்ந்தது. 2001 பிப்ரவரி 1ஆம் நாள் கூட்டரசுப் பிரதேசமாயிற்று.

இங்குதான் பாராட்ட வேண்டிய செய்தி வருகிறது. பல வீடமைப்புப் பகுதிகளில் முதலில் வீடுகளைக் கட்டிவிட்டு, வெள்ளம் வந்தபின் வடிகாலைத் தேடுகிறோம். புத்ராஜெயாவில் முறை வேறு. நகரின் ஏறத்தாழ 38 விழுக்காட்டைப் பசுமைக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்கித் திட்டம் வகுத்தனர். சுவாவ் ஆறும் பீசா ஆறும் நகருக்கு வெளியேயிருந்து வருபவை. வரும் வழியில் சேறும் கழிவும் சுமந்து வருபவை. அந்நீரை அப்படியே தேக்கினால் ஏரி பாசிபிடித்துக் கெட்டுவிடும். ஆகவே, 1997, 1998ஆம் ஆண்டுகளில் 24 பாத்திகளாக ஈரநிலம் அமைத்து, நாணல், கோரை முதலிய நீர்த்தாவரங்களை ஒரு கோடிக்கும் மேலாக நட்டனர். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீர் மெல்ல இறங்கும்போது சேறு கீழே படிகிறது. நீரைக் கெடுக்கும் சத்துகளைத் தாவரங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. தெளிந்த நீர் ஏறத்தாழ 400 ஹெக்டர் ஏரியைச் சேர்கிறது. கொக்கும் நாரையும் தாமாகவே வந்து தங்கின. எம் மாணவர்கள் எண்ணியதும் அவற்றைத்தான்.

எல்லாமே கணக்குப்படி நடந்துவிடவில்லை. 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்கெனத் திட்டமிட்ட நகரில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,09,000 பேரே வாழ்ந்தனர். ஒற்றைத் தண்டவாள இரயிலுக்கென எழுப்பிய தொங்குபாலம், திட்டம் பாதியில் நின்றதால், இரயில் ஏறாமலே நிற்கிறது. கோலாலம்பூரின் உட்பகுதிகளை இணைக்கும் எம்.ஆர்.டி. புத்ராஜெயா வழித்தடம் முழுமையாகத் திறக்கப்பெற்றது 2023இல்தான். ஆள் வருமுன் பாலம், ஆள் வந்தபின் இரயில்!

இருப்பினும் என் மனத்தை உறுத்துவது அதுவன்று. பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் டெங்கில் வட்டாரத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தனர். லயத்துக் கொல்லையில் முருங்கையும் கோழியும் வளர்த்தவர்கள், மாடிப்படியில் தண்ணீர்க் குடம் வைக்கவும் இடமின்றித் தவித்தனர். அக்கட்டடச் சுவர்களில் விரிசல் கண்டது. தரை வீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்தனர். வாக்குறுதிகள் வந்தன, அரசுகளும் மாறின. ஆற்றுநீர் கெடாமலிருக்க 24 பாத்திகள் கட்டத் தெரிந்த திட்டத்தில், அந்நிலத்திலேயே மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களுக்கு நான்கு தெருக்கள் ஒதுக்க இடமில்லாமற் போனது எப்படி? நகரத் திட்டமிடலில் இயற்கைக்கு இடம் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் வரைபடத்தில் லயங்களையும் குறித்திருக்கலாம்.

அம்மாணவியின் பாட்டி பின்னர் ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்தார். புத்ராஜெயா வரைபடத்தை அவர்முன் விரித்தேன். சாலைப் பெயர்கள் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. "ஆறு எங்கே வாத்தியாரே?" என்றார். சுவாவ் ஆற்றைக் காட்டியதும், அதன் ஓரமாக விரலை நகர்த்தி ஆயாக்கொட்டகை, கோவில், லயம் என ஒவ்வோர் இடமாகச் சொன்னார். பாதிக்கு மேல் இன்று ஏரிக்குள் இருக்கிறது. பேத்தி பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த வரைபடம் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருப்பின், திருவிழாப் படங்கள், பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் என எது இருந்தாலும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். படியெடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தந்துவிடுகிறோம். செட்ஜ்லி தோட்டத்திற்குரிய பகுதியில் இன்னும் ஒரு புள்ளிகூட விழவில்லை.