இரண்டு கார்புரேட்டர் ராஜ்தூத்

நம் வயதுக்காரர்களுக்கு ராஜ்தூத் 350 என்றால் அதன் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஜப்பானில் 1970-களில் வந்த யமஹா ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் இங்கே கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சி.சி. முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். சோழவரம் ரேஸுக்குப் போனவர்களுக்கு மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்ரோல் குடிக்கும், அடிக்கடி மக்கர் பண்ணும் என்று அதற்குக் கெட்ட பெயர். பெட்ரோல் குடித்தது நிஜம். அடுத்த இரண்டு வருஷத்திலேயே மைலேஜ் தரும் 100 சி.சி. வண்டிகள் வந்து அதை ஓரங்கட்டின. ஆனால் மக்கருக்குப் பாதிக் காரணம் நாம்தான் என்பது என் கட்சி. புல்லட்டுக்கும் சாதா ராஜ்தூத்துக்கும் ஒரே கார்புரேட்டர், இதற்கு இரண்டு. ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்றாகக் கிளம்பி, வழியில் பிரிந்து, இரண்டு கார்புரேட்டருக்கும் ஆயில் பம்புக்கும் போகும். இரண்டு ஸ்லைடும் ஒரே சமயத்தில் எழவேண்டும். ஒன்று முந்தினால் ஒரு சிலிண்டர் இழுக்கும், மற்றது தொங்கும். இதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் அன்று குறைவு.

1987-ல் பழைய வண்டி ஒன்று வாங்கினேன். ஐடிலிங் ஒரு நேரம் அணையும், ஒரு நேரம் கத்தும். மாதக்கணக்கில் நானே ஸ்க்ரூவைத் திருகிச் சமாளித்தேன். ஒரு நாள் திண்டிவனம் தாண்டியதும் பின்சக்கரம் சட்டென்று இறுகியது. பின்னால் என் தம்பி. கிளட்சைப் பிடித்ததால் இரண்டு பேரும் பிழைத்தோம்.

புதுப்பேட்டையில் ஒரு பாய் பிளக்குகளைக் கழற்றினார். வலதுபக்கம் ஈரக் கறுப்பு, இடதுபக்கம் சுண்ணாம்பு வெள்ளை. இடது பிஸ்டன் முழுக்கக் கோடு. ரீபோர் செய்து மாட்டியபின், ஏர் ஃபில்டர் ரப்பரை எடுத்துவிட்டு இரண்டு கார்புரேட்டர் வாயிலும் விரலை வைத்தார். “மெதுவா முறுக்குங்க சார். இது முந்துது பாருங்க.” கேபிளைச் சரிசெய்தார். ஸ்டார்ட் செய்து, இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் காட்டினார். காற்று சமமாக வந்தது. ஆனாலும் ஐடிலிங் கத்தியது. இடது கார்புரேட்டரை சிலிண்டரோடு சேர்க்கும் ரப்பரின் மேல் கிரீஸைத் தடவினார். உடனே தணிந்தது! மயிரிழை வெடிப்பு. அதன் வழியாக வெறும் காற்று புகுந்து பெட்ரோலும் ஆயிலும் நீர்த்துப்போய், அந்த பிஸ்டன் வெந்திருக்கிறது. நான் ஸ்க்ரூவைத் திருகியதெல்லாம் நோயை மூடிவைத்ததுதான்.

தம்பி பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. நான் ஏழு வருஷம் ஓட்டினேன். ஞாயிறு காலையில் ரப்பரைக் கழற்றி விரலை விட்டுப் பார்ப்பேன். “பூஜை முடிஞ்சுதா?” என்று வீட்டில் குரல் வரும்.